முகாம் எண்களைக் கணக்கிடத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்: குவாசுலு-நட்டால் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம்மவர்கள் வாழும் ஊர்களில் ஆலய மண்டபங்களிலும் சங்கக் கூடங்களிலும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்கள் நடக்கின்றன. செவிலியர்கள் தங்கள் ஓய்வு நாளைத் தருகிறார்கள். விரலில் ஊசி குத்தி, கையில் பட்டை கட்டி எடுத்த அளவுகள் தாளில் ஏறுகின்றன. தாள்கள் எக்செல் கோப்பாகின்றன, கோப்பிலிருந்து ஒரு சதவீதம் பிறக்கிறது, அது ஆண்டறிக்கையிலும் நன்கொடைக் கடிதத்திலும் ஏறிவிடுகிறது. அந்தச் சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது என்பதை மரியாதையோடு சொல்ல விரும்புகிறோம். ஊசி குத்திய கைகளில் குறையில்லை. கணக்கில்தான் குறை. உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வளர்ந்து இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்குப் புள்ளியியல் மென்பொருளை முறையாகக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நட்டால் மண்ணில் இந்த வேலைக்கு மரபு உண்டு. 1940இல் பொலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் சுகாதார மையம் தொடங்கினார்கள். வந்த நோயாளியை மட்டும் பார்க்காமல், வீடு வீடாகக் கணக்கெடுத்து ஊர் முழுவதன் உடல்நலத்தையும் பதிவு செய்தார்கள். இன்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் தரவு திரட்டப் பயன்படுத்தும் டிஹெச்ஐஎஸ் மென்பொருளின் முதல் வடிவம் 1990களில் தென்னாப்பிரிக்காவில்தான் உருவானது. நம் பிள்ளைகள் கற்க வேண்டியது அந்தத் தொடர்ச்சியில் வருவதுதான்.

எந்த மென்பொருள் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் போதும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய இந்த மென்பொருள் முழுக்க இலவசம். எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா என்ற கட்டண மென்பொருள்கள் இரண்டும் நல்லவையே. ஆனால் மாணவர்கள் அவற்றைப் பல்கலைக்கழக உரிமத்தில் பயன்படுத்துகிறார்கள், படிப்பு முடிந்தால் உரிமமும் முடிகிறது. அப்போது சங்கத்தின் கோப்பைக் கையாள ஆள் இருந்தும் கருவி இருக்காது. அந்த இரண்டிலும் சேமித்த கோப்புகளை ஆரில் 'ஹேவன்' என்ற துணைத் தொகுப்பு திறந்துவிடும், எதுவும் வீணாகாது. கட்டளை எழுதத் தயங்குபவர்கள் முதல் இரண்டு வாரம், சொடுக்கியே கணக்குப் போடும் 'ஜமோவி'யில் பழகலாம். அதுவும் இலவசம், உள்ளே ஓடுவதும் ஆர்தான். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

ஏன் கட்டளைதான் வேண்டும் என்கிறோம்? சொடுக்கிச் செய்த வேலைக்குத் தடயம் இல்லை. 212 படிவங்கள் அறிக்கையில் 197 ஆனது எப்படி என்று ஆறு மாதம் கழித்து ஒரு மருத்துவர் கேட்டால், ஸ்கிரிப்ட், அதாவது எழுதி வைத்த கட்டளைக் கோப்பு, பதில் சொல்லும்: இத்தனை பேருக்கு வயது இல்லை, இத்தனை பேர் 18க்குக் கீழ், இத்தனை பதிவுகள் இரட்டை. எக்செலில் ஒரு வரிசையை அழித்தால் அது போனது போனதுதான். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தேசியக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது, எஞ்சியதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பெரிய அரசு அமைப்புக்கே அப்படி நேர்ந்தது.

நம் நாட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. இதைத் தனியாக வலியுறுத்த வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடங்கள் எதுவும் இதைச் சொல்லித் தராது. விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பைத் தேர்ந்தால் தசமக் குறி புள்ளியல்ல, காற்புள்ளி. 7,8 என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாக ஏற்கும், 7.8 என்று அடித்தால் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சராசரி கேட்டால் எழுத்தாக உள்ளவற்றை எந்த எச்சரிக்கையும் இன்றித் தவிர்த்துவிடும். இரண்டு தொண்டர்கள் வெவ்வேறு அமைப்புள்ள இரண்டு மடிக்கணினிகளில் பதிவு செய்து பின்பு ஒட்டினால், ஒருவர் அடித்த அளவுகள் மொத்தமாகக் கணக்கில் வராமல் போகலாம். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் நிற்கும். அந்த ஒரு பார்வையே பாதி பிழையைக் காட்டிவிடும். இதே கோப்பைச் சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் நெடுவரிசைகளுக்கு இடையே காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி வரும். ஆரில் வழக்கமான 'ரீட் சிஎஸ்வி' கட்டளை தரவை நெடுவரிசைகளாகச் சரியாகப் பிரிக்காது. 'ரீட் சிஎஸ்வி2' என்று எழுதினால் சரியாகப் பிரியும்.

தேசிய அடையாள எண்ணைப் படிவத்தில் கேட்கவே கேட்காதீர்கள். 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கு பாலினத்தைச் சொல்லும். அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கணக்குக்கும் அது உதவாது. 2000த்தில் தொடங்கும் பத்தாண்டில் பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குவதால், எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கி 12 இலக்கமாக்கும். இரண்டு பூஜ்யம் முன்னால் இருந்தால் இரண்டும் போகும். முகாமுக்கென்று மூன்று இலக்க வரிசை எண் கொடுத்து, பெயரும் தொலைபேசியும் வேறொரு தாளில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

படிவம்தான் முதல் பாடம். கணினியைத் திறப்பதற்கு முன்பே இரண்டு வகுப்புகள் இதற்குத் தேவை. ஒவ்வொரு கேள்விக்கும் நெடுவரிசைப் பெயர், அலகு, ஏற்கக்கூடிய கீழ் மேல் எல்லை, விடுபட்டால் என்ன எழுதுவது என்று ஒரு விளக்கப் பட்டியல் தயாரிக்க வேண்டும். சர்க்கரை இங்கே லிட்டருக்கு மில்லிமோலில் அளக்கப்படுகிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கருவி டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும், 18ஆல் வகுக்க வேண்டும். ஒரே நெடுவரிசையில் 7.0வும் 126உம் கலந்திருந்தால் இரண்டும் ஒரே அளவு என்பது கணினிக்குத் தெரியாது. கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி கட்டாயம் வேண்டும். வெறும் வயிற்றில் 7.0 என்பது நீரிழிவின் எல்லை, மற்ற நேரத்தில் எடுத்த ரத்தத்துக்கு எல்லை 11.1. காவடிக்காக விரதம் இருப்பவர்களும் மதிய அன்னதானம் முடித்து வருபவர்களும் ஒரே வரிசையில் நிற்கும் முகாமில் இந்தக் கேள்வி இல்லையென்றால் எடுத்த அளவுக்குப் பொருளே இல்லை. ஏற்கெனவே நீரிழிவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, மாத்திரை எடுக்கிறாரா என்பதும் வேண்டும். இந்தக் கேள்விகள் இல்லாவிட்டால், மாத்திரையால் கட்டுக்குள் இருப்பவர் 'நோயற்றவர்' ஆகிவிடுவார்.

ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு மூன்று முறை எடுத்து, மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறைப்படி இரண்டாவது, மூன்றாவது அளவுகளின் சராசரிதான் கணக்கில் வரும். அதை ஆர் போடட்டும், தொண்டர் மனக்கணக்காகப் போட வேண்டாம்.

தரவு வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது சோதனை எதுவும் அல்ல, வெறும் எண்ணிப் பார்த்தல். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறியது, மிகப் பெரியது, விடுபட்டவை எத்தனை. உயரம் 1.62 என்றும் 162 என்றும் கலந்திருக்கும். சர்க்கரைக் கருவி தன் எல்லையைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று காட்டும். அந்த ஒரு சொல் போதும், ஆர் முழு நெடுவரிசையையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அதை எண்ணாக மாற்றச் சொன்னால் 'ஹை' இருந்த இடம் காலியாகிவிடும். மிகக் கடுமையான நோயாளிகளே கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். தேதி இன்னொரு தொல்லை. எக்செலில் 45000 என்ற எண் 15 மார்ச் 2023. ஆர் 1970 ஜனவரி 1 முதல் எண்ணுவதால், தொடக்க நாளைச் சொல்லாமல் மாற்றினால் அதே எண் 2093க்குப் போய்விடும். ரத்த அழுத்தத்தின் கடைசி இலக்கத்தையும் பட்டியலிடுங்கள். மின்னணுக் கருவியில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10% வர வேண்டும். 0 மட்டும் 40% இருந்தால் யாரோ பார்த்ததை முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தச் சதவீதம். முகாமுக்கு வந்த 200 பேரில் 60 பேருக்குச் சர்க்கரை அதிகம் என்றால் 30%. அதன் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மைச் சதவீதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 24 முதல் 37 வரை. ஆனால் இந்த இடைவெளிகூட அந்த 200 பேரும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று கொண்டால்தான் பொருந்தும். முகாமுக்கு வருபவர்கள் வயதானவர்கள், ஏற்கெனவே பயம் உள்ளவர்கள், ஞாயிறு வேலை இல்லாதவர்கள். ஆகவே 'தமிழரில் 30% பேருக்கு நீரிழிவு' என்று எழுதக் கூடாது. 'முகாமுக்கு வந்த 200 பேரில் 60 பேருக்கு' என்று எழுதுங்கள். அது உண்மை, அதுவே போதுமான கவலை. இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு அதிகம் என்பது இந்நாட்டு ஆய்வுகளில் பலமுறை பதிவான செய்தி. அதற்காக நம் எண்ணைப் பெரிதாக்க வேண்டிய தேவையில்லை.

பயிற்சிக்கு உங்கள் முகாம் தரவைக் கொடுக்காதீர்கள். சிறியது, அந்தரங்கமானது. 2016ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின் கோப்புகள், பதிவு செய்து நோக்கத்தைச் சொன்னால், பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகளுக்குத் துணைநிற்கும் டிஹெச்எஸ் திட்டத்திடமிருந்து இலவசமாகக் கிடைக்கும். 15 முதல் 49 வயது வரையிலான 8,514 பெண்கள் அதில் உண்டு. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகமான டேட்டாஃபர்ஸ்டிலும் வேறு பல ஆய்வுக் கோப்புகள் இருக்கின்றன. இவற்றில் பிழைக்கப் பழகினால் முகாம் கோப்பு எளிதாகத் தெரியும். டிஹெச்எஸ் கோப்பில் உடல் நிறை எண் வி445 என்ற நெடுவரிசையில் 2345 என்று இருக்கும், 100ஆல் வகுத்தால் 23.45. அதே நெடுவரிசையில் 9998 என்றால் ஏற்க முடியாத அளவு என்ற குறி. அதை நீக்காமல் சராசரி எடுத்தால் நாடே பருத்துவிடும். வி005 என்ற மாதிரி எடையை (ஒருவர் மக்கள்தொகையில் எவ்வளவு பேருக்கு ஈடு என்பதை) பத்து லட்சத்தால் வகுத்து, வி021ஐக் கொத்தாகவும் (சேர்த்துத் தேர்ந்தெடுத்த வீடுகளின் தொகுதி) வி022ஐ அடுக்காகவும் (கொத்துகளைத் தேர்ந்தெடுக்க நாட்டைப் பிரித்த பிரிவு) ஆரின் 'சர்வே' தொகுப்புக்குச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை வீடுகளில் ஒரு பகுதியில் மட்டுமே நடந்ததால் அதற்கு எந்த எடை என்பதை ஆய்வறிக்கையின் பின்னிணைப்பைப் படித்தே தீர்மானிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இங்கே செய்யும் பிழை ஏறக்குறைய உறுதி: 'இந்தியர்/ஆசியர்' மட்டும் போதும் என்று மற்றவர்களை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். உடனே 'இந்த அடுக்கில் ஒரே ஒரு கொத்துதான் உள்ளது' என்று ஆர் நின்றுவிடும். முழுக் கோப்புக்கும் ஆய்வு வடிவமைப்பைச் சொல்லிய பிறகுதான் 'சப்செட்' கட்டளையால் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் பிழை எல்லை தவறாக வரும். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்தியரும் ஆசியரும் 2.7%தான். தேசிய ஆய்வில் அகப்படுபவர்கள் குறைவு, அவர்களில் தமிழர் யார் என்று பிரிக்கவும் வழியில்லை. டிஹெச்எஸ் அறிக்கைகள் 25க்கும் குறைவானவர்களிடமிருந்து வரும் சதவீதத்தை அச்சிடுவதில்லை, 25 முதல் 49 பேர் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுகின்றன. அந்த ஒழுக்கத்தை உங்கள் ஆண்டறிக்கையும் பின்பற்றலாம்.

இன்னொன்று. அதே 2016 ஆய்வில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 46%, ஆண்களில் 44% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இவ்வளவு பரவலான ஒன்றுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற கணக்குமுறை தரும் ஆட்ஸ் விகிதத்தை 'இத்தனை மடங்கு' என்று படித்தால் மிகைப்படும். ஒரு குழுவில் 60%, மற்றதில் 40% என்றால் பரவல் விகிதம் (60ஐ 40ஆல் வகுத்தது) 1.5தான். ஆட்ஸ் விகிதமோ (60/40ஐ 40/60ஆல் வகுத்தது) 2.25 ஆகும். 'சர்வே' தொகுப்பில் குவாசி-பாய்சான் என்ற வேறு வகை ரிக்ரஷன் போட்டால் 1.5ஐ நேரடியாகப் பெறலாம்.

இதற்கெல்லாம் பன்னிரண்டு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் வேண்டும். முதல் இரண்டு படிவத்துக்கு, அடுத்த ஐந்து தரவைத் திறந்து சுத்தம் செய்ய, மீதி அட்டவணை, இடைவெளி, ரிக்ரஷன். சுத்தம் செய்வதற்கு ஐந்து வாரமா என்று கேட்பார்கள். ஆம், வேலையில் பெரும்பங்கு அதுதான். எட்டு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினிகள் போதும். மென்பொருளையும் தொகுப்புகளையும் முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வைத்தால் மின்வெட்டு நாளிலும் பாட்டரியில் வகுப்பு நடக்கும். ஒரு மடிக்கணினிக்கு இருவர் என்று உட்கார வையுங்கள். ஒருவர் கட்டளையை உரக்கச் சொல்ல மற்றவர் அடித்தால் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

சட்டத்தை மறக்க வேண்டாம். 'போபியா' எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் அது முழுமையாக நடைமுறையில் உள்ளது. வாட்ஸ்அப் குழுவில் முகாம் கோப்பை அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். முகாம் தரவை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட எண்ணினால், அளவெடுக்கும் முன்பே பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எடுத்த பிறகு அதைக் கேட்டுப் பெற முடியாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு கூடமும் நான்கு மடிக்கணினிகளும் இந்த வகுப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு புள்ளியியலாளரை உரிய கட்டணம் கொடுத்து அழைக்க வேண்டும், இலவசச் சேவையாகக் கேட்காதீர்கள். வகுப்பில் ஒருவராவது தேறும் வரை புதிய முகாமின் சதவீதம் எதுவும் அச்சில் ஏறக் கூடாது. வந்தவர்களுக்கு அளவெடுத்துச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பும் பணி எப்போதும்போல நடக்கட்டும்.

அன்புடன்,
பொதுச் சுகாதாரத் தரவுகளில் பணியாற்றும் தமிழர்கள் சிலர், டர்பன்