கல்வெட்டில் யார் பேர்?

சார்லட், வட கரோலினா
டிசம்பர் 9, 2025, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. சாப்பாட்டு மேஜை மேல் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் உட்காருவேன், தேதி போடுவேன், அப்புறம் எழுந்து துணி துவைக்கப் போய்விடுவேன். போனில் உங்களுக்குக் காது பிடிபடவில்லை என்றுதான் இந்தக் கடிதப் பழக்கத்தை ஆரம்பித்தோம். அதையும் நான் இழுத்தடிக்கிறேன். "நீ எழுதாதது கூடப் பரவாயில்லை, தபால்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதுதான் தாங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

குளிர் வந்துவிட்டது. காலையில் கார் கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. கார் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கார். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். கடை முக்கால் மைல்தான், நடப்பது உடம்புக்கு நல்லது. ஹீட்டரை ரொம்ப வைத்தால் மூக்கு வறண்டுபோகிறது. அதனால் குறைத்து வைத்துக்கொண்டு, அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொள்கிறேன். அது இன்னும் கிழியவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இந்த ஊர்க்காரர்கள் காலையில் கிரிட்ஸ் என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். வெள்ளை மக்காச்சோள ரவையில் கிண்டிய களிதான், வேறொன்றும் இல்லை. அதில் வெண்ணெயைப் போட்டு உருக விடுகிறார்கள். நான் அதற்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டதைப் பார்த்த பெரியவர் அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. லிவர்மஷ் என்று இன்னொன்று, பன்றி ஈரலும் சோளமாவும் சேர்த்து அழுத்திய வில்லை. ஒருமுறை தின்றுவிட்டேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெரியவர் என்றேனே, அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்களும் "அங்கே கார் பந்தயம் பார்க்கிறாயாமே, என்ன பந்தயம் அது" என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. நாற்பது வருடம் லாரி இன்ஜின் பிரித்துக் கோத்தவர். முன் திண்ணையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்; ஒன்று அவருக்கு, இன்னொன்று அவர் சிநேகிதருக்கு. சிநேகிதர் வாரத்தில் மூன்று நாள் வருவார். வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சண்டை. நான் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். வார நாளில் பகல் பதினொரு மணிக்கு உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், இப்போது எல்லோருக்கும் வீட்டிலிருந்தபடியேதான் வேலை.

சண்டை எதற்கு என்றால், ஹால் ஆஃப் ஃபேம். புகழ் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாஸ்கார் என்னும் ஸ்டாக் கார் பந்தயத்தில் பேர் வாங்கியவர்களுக்காக 2010இல் இந்த ஊரின் நடுவில் கட்டியிருக்கிறார்கள். ஸ்டாக் கார் என்பது நீங்கள் சோழவரத்தில் பார்த்த மாதிரி சக்கரம் வெளியே தெரிகிற வண்டி இல்லை. பார்த்தால் ரோட்டில் போகிற கார் மாதிரியே இருக்கும், பானெட்டைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். அதை வைத்துக்கொண்டு இடப்பக்கமே திரும்பித் திரும்பி நானூறு மைல், ஐந்நூறு மைல் ஓட்டுகிறார்கள். பெரியவர் ஒருநாள் தன் செலவில் என்னை மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஒரு சாய்வுப் பாதையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். போகப் போகச் சாய்வு ஏறி, கடைசியில் 33 டிகிரி. மனிதன் நிற்கவே முடியாது அப்பா, அதில்தான் கார் ஓட்டுகிறார்கள்.

முதலில் வருடத்துக்கு ஐந்து பேரைச் சேர்த்தார்கள். 2021இலிருந்து மூன்று பேர்தான். தேர்வுக் குழு என்று ஒன்று ஓட்டுப் போடும். நாடு முழுக்க ரசிகர்கள் போடும் ஓட்டெல்லாம் சேர்ந்து அதில் ஒரே ஓட்டு. ரசிகர்களை ஏன் இப்படி ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டேன். "உங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தானே, ஞாபகம் இல்லையா" என்றார் பெரியவர். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைத்தான் சொல்கிறார்! 2010இல் நாஸ்கார் டிரக் பந்தயத்தில், அதாவது பிக்கப் வண்டிப் பந்தயத்தில் ஓட்டினாரே, முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில். அந்த வருடம் டிரக் பந்தயத்தின் மக்கள் அபிமான ஓட்டுநர் பட்டம் அவருக்குத்தான் போனது, நம் ஆட்கள் இன்டர்நெட்டில் குத்தோ குத்து என்று குத்தியதில். அண்ணன் பிரவுசிங் சென்டரில் பழியாகக் கிடந்ததை நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் பெரியவருக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் ஐந்து பேர் விஷயத்திலேயே தகராறு. ரிச்சர்ட் பெட்டி, டேல் ஏர்ன்ஹார்ட் இரண்டு பேரும் ஏழு ஏழு பட்டம் வாங்கியவர்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜூனியர் ஜான்சன் இந்த மலைப்பக்கத்து ஆள். இளவயதில் கள்ளச்சாராயக் கேஸில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர். போலீசிடம் தப்பிக்க ஓட்டிப் பழகிய கைதான் பந்தயத்துக்கு வந்தது. அவரைச் சேர்த்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. மற்ற இரண்டு பேர், நாஸ்காரை ஆரம்பித்த பில் ஃபிரான்ஸும் அவர் மகனும். கமிட்டித் தலைவர் பேரும் மகன் பேரும் முதல் வரியில் வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போலிருக்கிறது. அதில் டேவிட் பியர்சனுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த வருடம் சேர்த்தார்கள், ஆனால் சிநேகிதர் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். பெட்டி 1,184 பந்தயத்தில் 200 ஜெயித்தார், பியர்சன் 574இல் 105. நீங்களே வகுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் முதலிடம், இரண்டாமிடம் என்று முடித்த பந்தயம் 63, அதில் 33 பியர்சனுக்கு.

1976 டேட்டோனா பந்தயத்தை உங்களுக்காகவே எழுதுகிறேன். கடைசிச் சுற்று, கடைசி வளைவு, இரண்டு பேரும் உரசிச் சுவரில் மோதிவிட்டார்கள். பெட்டியின் கார் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் நின்றுபோய்க் கிடக்கிறது. பியர்சன் சுழலும்போதே கிளட்சை மிதித்து இன்ஜினை அணையாமல் வைத்திருந்தார். முன்பக்கமே இல்லாத காரைச் சைக்கிள் வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார். நீங்கள் எனக்கு அம்பாசிடர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது "எது போனாலும் கிளட்சை விடாதே" என்று கத்துவீர்களே. இதைக் கேட்டதும் அதுதான் ஞாபகம் வந்தது.

சிநேகிதருக்கு இன்னொரு ஆற்றாமை, ஸ்மோக்கி யூனிக். இவர் ஓட்டுநர் அல்ல, மெக்கானிக். உங்கள் ஜாதி. பெட்ரோல் டாங்க் எவ்வளவு இருக்கலாம் என்றுதான் விதி சொன்னது, குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பதினொரு அடி நீளத்தில், இரண்டு அங்குல விட்டத்தில் பெட்ரோல் குழாய் போட்டவர். அதில் ஐந்து காலன் கூடுதலாகப் பிடித்தது என்கிறார்கள் இங்கே. நான் கணக்குப் போட்டேன், ஏழு லிட்டர் கூட வரவில்லை, இரண்டு காலனுக்கும் குறைவு. இதைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினார்கள். யூனிக் ஃபிரான்ஸ் குடும்பத்தோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவர், இன்னும் மண்டபத்துக்குள் போகவில்லை. இதில் நான் சிநேகிதர் கட்சி.

பெரியவருடைய ஆள் ஹாரி கான்ட். அதனாலேயே இவருக்கு நான் கான்ட் தாத்தா என்று பேர் வைத்திருக்கிறேன். கான்ட் இங்கிருந்து அதிக தூரமில்லாத டெய்லர்ஸ்வில்காரர், வீடு கட்டும் தச்சு வேலை பார்த்தவர். நாஸ்காரின் முதல்தரப் பந்தயத்தில் முதல் வெற்றியே நாற்பத்திரண்டு வயதில். அதில் மொத்தம் பதினெட்டு வெற்றி, ஒரு பட்டமும் கிடையாது. ஆனால் 1991 செப்டம்பரில் ஐம்பத்தொரு வயதில் தொடர்ந்து நாலு பந்தயம் ஜெயித்தார். ஐந்தாவதும் கைக்கு வந்துவிட்டது, பிரேக்கில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போய் இரண்டாவதாக வந்தார். பெரியவர் இந்த இடத்துக்கு வரும்போது விரலால் அந்த வளையத்தின் அளவைக் காட்டுவார். பதினைந்து வருடமாக அவர் பேருக்காக வாதாடினார். இந்த மே மாதம் 2026க்கான மூன்று பேரில் கான்டையும் சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்கு ஸ்வீட் டீ கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். கோபப்பட ஒன்றும் இல்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு ஒரு கட்சி உண்டா என்று கேட்டார்கள். வெண்டல் ஸ்காட் என்றேன். டான்வில் ஊர்க் கறுப்பினக்காரர், தன் காரைத் தானே பழுது பார்த்து ஓட்டியவர். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். ஆனால் கொடியும் கோப்பையும் பக் பேக்கர் என்னும் வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான், சுற்று எண்ணியதில் தவறு, ஜெயித்தது நீதான் என்று சொன்னார்கள். நாஸ்காரின் முதல்தரப் பந்தயத்தில் ஆயுசில் அந்த ஒரே ஒரு வெற்றிதான். 2015இல் மண்டபத்தில் சேர்த்தார்கள். அவர் 1990லேயே போய்விட்டார். பெரியவர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிநேகிதர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

வேகவைத்த வேர்க்கடலை அப்பா. இந்தப் பக்கத்தில் ரோட்டோரமாகத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து விற்கிறார்கள், நம் ஊர் மாதிரியே. ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டுக் கணபதிப் பட்டறையிலிருந்து வரும்போது வாங்கி வருவீர்களே. உங்கள் கையிலிருக்கும் லேத் எண்ணெய் வாசம் கடலைத் தோலில் ஒட்டியிருக்கும். அம்மா கழுவித் தருகிறேன் என்பார், நானும் செல்வியும் கொடுக்க மாட்டோம். இந்தக் கடலையில் அந்த வாசம் இல்லை. தோலை முகர்ந்துகூடப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு, உப்பு அதிகமா என்று கேட்டார் பெரியவர். ஆமாம் என்றேன்.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மாகாளியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு லட்சம் கொடுத்தால் முன் மண்டபக் கல்லில் பேர், இருபத்தைந்தாயிரம் என்றால் பக்கச் சுவரில் என்று எழுதியிருந்தீர்கள். என் பேருக்குப் பின்னால் 'அமெரிக்கா' என்றும் போடலாம் என்று தலைவர் சொன்னாராம். வேண்டாம் அப்பா. முப்பது வருடமாக விடியற்காலையில் கோயிலைத் திறந்து விளக்குப் போடுகிறவர் ராசு மாமா. போரிங் பம்ப் போனபோது குடத்தில் தண்ணீர் சுமந்தவர். அவர் பேர் கல்லில் எங்கே என்று கமிட்டியில் கேளுங்கள். பணம் கொடுத்தவர் பேர்தான் வரும் என்றால் என் பேரைப் போடச் சொல்லி அடம் பிடிக்க வேண்டாம். பணத்தைப் பற்றி மாசியில் சொல்கிறேன். இங்கே வருடக் கடைசியில் கணக்கு முடிக்கிற நேரம், பேங்கில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மாமா பேரைச் சொல்வது இதற்காக இல்லை.

பழைய லேத்தை எடைக்குப் போட அண்ணன் அவசரப்படுகிறான் என்றால் தைப் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லுங்கள். சூலூரில் ஒருவர் பழைய மெஷின் தேடுவதாகப் பழனி சொன்னான், அவனிடம் கேட்டுப் பார்க்கட்டும். இடது பக்கத்துச் சக் மட்டும் மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். காது மிஷினை டிராயரில் போட்டு வைத்திருப்பதாக அம்மா சொன்னார். மாட்டிக்கொள்ளுங்கள்.

செல்வி பெண்ணுக்குக் காதுகுத்து தை கடைசியில் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மாமன் இருந்தும் மூத்தவன் மடி பழகின மடி, சின்னவன் மடிதான் வேண்டும் என்று செல்வி சொல்கிறாளாம். எனக்காகத் தேதி தள்ள வேண்டாம். அண்ணன் மடியிலேயே உட்கார வைத்துக் குத்திவிடுங்கள். தோட்டை நான் வாங்கி அனுப்புவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் முடியாவிட்டால் நீங்கள் வாங்கிவிட்டு, நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள். அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சின்னு

பி.கு.: ஜனவரி 15க்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று சின்னதாக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு எண் போட்டு எழுதுங்கள், கான்ட் தாத்தா வாங்கி வைப்பார். உங்களுக்கு அவர் ஒரு ரப்பர் வளையம் கொடுத்திருக்கிறார், கவருக்குள் இருக்கிறது. இந்த அளவுதானாம்.