என் கணவரை விசாரித்தீர்கள், ரப்பரை விசாரிக்கவில்லை

எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வரிசையில் இருபது பேருக்கு நடுவே, "அந்த ஆணுறை அரிப்பு யாரம்மா? சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்" என்று உரக்கக் கூப்பிடப்பட்டவள் நான். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா. மறுநாள் சட்னியை ஊற்றிக்கொண்டே, "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். நான்தான் அன்றிலிருந்து வேறு கடைக்குப் போகிறேன்.

நான்கு மாதமாக நான் உங்களிடம் வந்துபோவது உங்களுக்குத் தெரியும். முதலில் பூஞ்சைத் தொற்று என்று மாத்திரை கொடுத்தீர்கள். பிறகு ஒரு களிம்பு. மூன்றாம் முறை, "வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார் என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என் அரிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார், வழியில் எங்கே தங்குவார், குடிப்பாரா என்றே கேள்விகள் வந்தன.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. இப்படிப்பட்ட தொந்தரவோடு வருகிறவர்களுக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்வது முறைதான். ஒரு நாள் நடையை விட்டுவிட்டு அவரும் வந்து ரத்தம் கொடுத்தார். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் உங்கள் செவிலியர், "எதற்கும் அவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார். தாள் வருவதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நானும் அவரைச் சந்தேகித்தேன். தூங்குகிறவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தில் எழுதவே கூசுவது அது ஒன்றுதான்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை நிற்கவேண்டும். கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் நாற்காலி வந்தது. அதில் பிரிக்காத ரவிக்கைத் துணிக் கட்டுகள் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கோ உட்கார்ந்தாலும் எரியும், நின்றாலும் எரியும். சிறுநீர் கழித்தால் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் இருக்கும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சேலையை விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளர் எதிரில் கை தானாகக் கீழே போகாமல் இருக்க, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மே மாதத்தில் அந்தக் கூட்டத்தில், அந்தப் புழுக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை.

கடைசியில் பெரிய மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் ஒரு மருத்துவர் அம்மா கேட்ட கேள்வி இது: "பலூன் ஊதினால் உதடு தடிக்குமா?" என் மகளின் பிறந்தநாளுக்குப் பத்து பலூன் ஊதிவிட்டு, உதடு வீங்கிப் படம் எடுக்காமல் ஒதுங்கி நின்றவள் நான். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பட்ட சில நிமிடங்களிலேயே தடிக்கும் என்றார். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்கள் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பைத் தருமாம். இன்னும் சிலருக்கு ரப்பரில் குற்றமே இல்லை. வழவழப்புத் திரவமோ, வாசனையோ, விந்தணுக்கொல்லி மருந்தோதான் காரணம். என்றாவது மூச்சு முட்டினால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடு என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. நீங்கள் என்னைப் பரிசோதித்தபோது மாட்டியிருந்தது மாவு பூசிய வெள்ளை ரப்பர் கையுறை. அன்றிரவுதான் தடிப்பு தொடைவரை பரவியது.

ஆகவே ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். ஆணுறையால் அரிப்பு என்று ஒருத்தி வந்தால், பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூடவே ரப்பர் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாது என்றால் கொடுப்பதற்கு ரப்பர் பால் கலக்காத ஆணுறை கொஞ்சம் இருப்பு வையுங்கள். பாலியூரித்தேன், பாலிஐசோப்ரீன் என்று அவை இருக்கத்தான் செய்கின்றன. எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நீங்கள் இதுவரை கொடுத்த மாற்று யோசனைகள் இரண்டு. ஒன்று, எரிந்தால் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது. எண்ணெய் பட்டால் ரப்பர் உறை இளகிக் கிழியும் என்று குடும்ப நலப் பிரிவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மற்றொன்று, "இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டதே, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்" என்பது. ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கத்தி என் வயிற்றுக்கு! 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உங்கள் சுவரில் சிவப்பு முக்கோணத்துக்குப் பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து சிரிக்கிறார்கள். ஆபரேஷன் மேசைக்கு மட்டும் அவள் தனியாகப் போகிறாள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களிடம் ஆள் குறைவு, கூட்டம் அதிகம் என்பதை நான்கு மாதம் வரிசையில் நின்றே தெரிந்துகொண்டேன். ஆனாலும் ரப்பர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதற்குப் புது ஆள் வேண்டியதில்லை. சீட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். அந்தக் கேள்வியைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அறைக்குக் கதவு இருக்கிறது, நான் பார்த்தேன். அது மூடாதபடி எடை பார்க்கும் இயந்திரத்தை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அதைச் சற்று நகர்த்திவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை நீங்கள் உரக்கக் கூப்பிட்டவள்
பழைய வண்ணாரப்பேட்டை