செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

நம் கணக்காளர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆயுத பூஜை கொண்டாடினோம். புதிய வருமான வரிச் சட்டம் பற்றிய கருத்தரங்கில் உட்கார இடமில்லை.

நாம் நடத்திய உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளும் பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கணக்கு எழுதுறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். போன வரித் தாக்கல் சீசனை நினைத்துப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. நம் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கலங்கிப்போனார்கள். செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. தணிக்கை அறிக்கைக்கான கடைசி நாள் செப்டம்பர் 30 என்றிருந்து, அக்டோபர் 31 ஆகி, அப்புறம் நவம்பர் 10 ஆனது. கணக்கைக் கொடுத்த பார்ட்டி நம்மிடம் கத்தினார், நாம் ஜூனியர்களிடம் கத்தினோம். நல்ல பிள்ளைகள் சிலர் பாதியிலேயே வேலையை விட்டுப் போனார்கள்.

வரித்துறை நோட்டீஸோடு வந்து சத்தம் போடுபவர் பெரும்பாலும் பயந்துபோயிருக்கிறார். அவரை முழுக்கப் பேசவிட்டு, தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்று முதலில் சொன்னாலே பாதி அடங்கிவிடுவார். பில்லைக் கொடுக்காமல் இழுப்பவர்களில் நட்டத்தைச் சொல்ல வெட்கப்படுபவர்களும் உண்டு. அது புரியாதவருக்கு முழுக் கணக்கு கைக்கு வராது. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று பழகியவர் நெருக்கும்போது, உறவு கெடாமல் மறுக்கவும் பழக வேண்டியிருக்கிறது. இதையெல்லாம்தான் வகுப்பில் பேச வைத்து, நடிக்க வைத்துப் பழக்கினார்கள். ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் அமைப்பு கணக்காளருக்குத் தேவையான ஏழு திறன்களை 2016இல் வரையறுத்தபோதே இதையும் அதில் சேர்த்துவிட்டது.

ஆனால் மூத்த உறுப்பினர்கள் பலர் ஜூனியர்களை மட்டும் அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். கற்றுக்கொண்டு திரும்பிய பிள்ளைகள் அலுவலகத்தில் பழைய ஏச்சையே கேட்டால் என்ன பயன்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சந்தா பாக்கியும் அப்படித்தான். பலமுறை நினைவூட்டியும் பலர் கட்டவில்லை. பயிற்சிச் செலவில் ஒரு பகுதியைச் சில நல்ல உள்ளங்கள் ஏற்றதால்தான் சமாளித்தோம். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வைப்பார்; கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அரங்கம் தந்தவர், சாப்பாடு ஏற்பாடு செய்தவர் அனைவருக்கும் நன்றி.

வேறொருவர் இந்தப் பொறுப்புக்கு முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். என்னையே தொடரச் சொன்னால், சீசன் தொடங்கும் முன் ஜூனிலேயே மூத்தவர்களுக்கென்று தனி வகுப்பு வைக்க விரும்புகிறேன். பயிற்சியாளருக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். மே மாதத்துக்குள் பாக்கிச் சந்தா வந்துவிட்டால் தேதியை உறுதி செய்துவிடலாம்.

செயலாளர்