ஸ்பேனரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்: கைக்கருவித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜலந்தர், லூதியானா, நாசிக் ஊர்களில் கைக்கருவி செய்யும் நிறுவனத்தாருக்கும், அவற்றைத் தமிழ்நாட்டில் விற்கும் டீலர்களுக்கும்,

வணக்கம்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, பிரேக் ஷூ மாற்றுவது, கார்புரேட்டர் கழுவுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலிலேயே நடக்கிறது. இப்படிச் செய்பவர்கள் இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வேலையைக் கற்றுக்கொள்ள வீடியோ இருக்கிறது. உதிரி பாகம் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கிறது, இல்லாவிட்டால் கூரியரில் வீட்டுக்கே வருகிறது. கருவி வாங்கப் போகும்போதுதான் குழப்பம். உள்நாட்டுச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்டால் கடைக்காரரும் "கம்பெனி அயிட்டம் சார், நம்பி எடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

உங்கள் சரக்கைத்தான் வாங்க விரும்புகிறேன். வாங்கியும் வருகிறேன். 1969இல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு கைக்கருவி செய்யத் தொடங்கிய நாசிக் டபாரியாவின் கட்டிங் பிளேயர் இல்லாத எலக்ட்ரீஷியன் பையைப் பார்ப்பது அரிது. நல்ல பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெட்டும் விளிம்பு இரண்டுக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது. ஒரு காகிதத்தைக் கொடுத்தால் கிழிக்காமல் வெட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் இந்தச் சோதனையில் தேறும் பிளேயர் நம் நாட்டில் கிடைக்கிறது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் செய்யும் நிபெக்ஸ் இதைவிட நேர்த்தியானது, மறுக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை எடுக்கும் கருவிக்கு அத்தனை மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ரிங் ஸ்பேனர், ஸ்க்ரூ ஸ்பேனர், சுத்தியல், ஆலன் கீ எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கேட்பவர்களிடம் உள்நாட்டுச் சரக்கையே எடுக்கச் சொல்கிறேன்.

சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. உங்கள் சரக்கில் நல்லது எது, அதைப் போலவே பளபளக்கும் மட்டச் சரக்கு எது என்று பிரித்தறிய வழி இல்லை.

10 எம்எம் ஸ்பேனரையே எடுத்துக்கொள்வோம். அதன் வாய் சரியாக 10 எம்எம் இருந்தால் நட்டு உள்ளே நுழையாது. கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் இரண்டு பங்குக்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் ஸ்பேனர் நட்டின் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை அழுத்தும். துருப்பிடித்த நட்டு என்றால் முதல் இழுப்பிலேயே மூலை மழுங்கிவிடும். அப்புறம் வைஸ் கிரிப், உளி, கடைசியில் வெல்டிங் பட்டறை. நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு ஒரு நாள் வேலையும் சைலன்சர் ஸ்டட்டும் போகும். பன்னிரண்டு மூலை ரிங்காக இருந்தால் அளவு இன்னும் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது பதம். "குரோம் வனேடியம்" என்று எல்லா ஸ்பேனரிலும் பொறித்திருக்கிறது. அது உருக்கின் பெயர், அவ்வளவே. அதே உருக்கைச் சரியாகச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் கருவி. ஸ்பேனருக்குக் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 40 இருந்தால் நல்லது. குறைந்தால் வாய் விரியும், மிகவும் கூடினால் விரிசல் விடும். பிளேயரின் வெட்டும் விளிம்புக்கு இன்னும் அதிகக் கடினம் வேண்டும். வாங்குபவன் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குரோம் முலாம் அத்தனையையும் மூடிவிடுகிறது. செய்த உங்களுக்குத் தெரியும். ஏன் அட்டையில் போடுவதில்லை?

திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, பிளேயருக்கு ஐ.எஸ். 3650 என்று நம் நாட்டில் தரநிலைகள் இருக்கின்றன. 1983இல் இருந்து ஜலந்தரில் மத்திய கைக்கருவி நிறுவனம் இருக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசும் பஞ்சாப் அரசும் சேர்ந்து உங்களுக்காகவே அமைத்தது. சோதித்துப் பார்க்க வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோதித்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்: எந்தத் தரநிலை, எவ்வளவு கடினம், எந்த ஆண்டு செய்தது.

இப்போது நான் வெளிநாட்டுச் சரக்கு வாங்கும் இடங்களைச் சொல்கிறேன். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளின் பிரேக் ஆயில் டப்பா மூடியைப் பாருங்கள். இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். பல வண்டிகளில் அதன் தலையில் ஒரு சிறு புள்ளி தெரியும். ஜப்பானியத் தரநிலைக் குழி என்பதற்கு அதைத்தான் பொதுவாக அடையாளமாகச் சொல்வார்கள். சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனை அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறிக் குழியைச் சுரண்டிவிடும். இந்த நாட்டில் ஜப்பானிய வழி பைக்குகள் எத்தனை ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அந்தக் குழிக்குப் பொருந்தும் திருப்புளிக்கு நான் ஒசாகாவின் வெஸ்ஸல் நிறுவனச் சரக்கைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நான் போன கடைகளில் உள்நாட்டுத் திருப்புளி எதிலும் "இது ஜப்பானிய ஸ்க்ரூவுக்கு" என்று எழுதிப் பார்த்ததில்லை. முனையைச் சற்று மாற்றி அரைத்தால் போதும். இதைச் செய்தால் முதல் நாளே வாங்க ஆள் இருக்கிறது.

சாக்கெட்டை மாட்டி, முன்னும் பின்னும் அசைத்தே நட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடியும் அப்படித்தான். 24 பல் ராட்செட்டை ஒரு பல் நகர்த்த 15 டிகிரி கை அசைய வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி. இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில் அந்த 10 டிகிரிதான் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் தைவான் ராட்செட் வாங்குகிறேன். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் வெளிநாடுதான். அலுமினிய கிராங்க் கேஸில் டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டால் செலவு பெரிது, அங்கே துணிந்து பார்க்க மனம் வருவதில்லை.

இன்னொன்று மனத்தை வருத்துகிறது. உள்நாட்டுப் பெயர் போட்ட சாக்கெட் பெட்டியைத் திருப்பினால், அடியில் பொடி எழுத்தில் வேறு நாட்டின் பெயர். இறக்குமதிப் பொட்டலத்தில் எந்த நாட்டுச் சரக்கு என்று போட வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. பெட்டியில் போட்டதோடு அந்த விதி நிறைவேறிவிடும். பெட்டி ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும், சாக்கெட் இருபது வருடம் இருக்கும். நாட்டின் பெயரைக் கருவியிலேயே பொறியுங்கள். இறக்குமதி செய்து விற்பதைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் செய்தது எது என்று தெரிந்தால், அதைத் தேடி எடுப்போம்.

2025 ஏப்ரலில் நிதி ஆயோக் உங்கள் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகக் கைக்கருவி வணிகத்தில் இந்தியாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு என்றும், சீனாவோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 14 முதல் 17 சதவீதம் செலவு கூடுகிறது என்றும் அது சொல்கிறது. மூலப்பொருள் விலை, வட்டி, போக்குவரத்து எல்லாம் உங்களை அழுத்துவது புரிகிறது. அந்த வித்தியாசத்தை நான் தரத் தயார். 300 ரூபாய் ஸ்பேனருக்கு 350 கொடுப்பேன், அந்த ஐம்பது ரூபாய் உருக்கிலும் பதத்திலும் போயிருக்கிறது என்று எழுத்தில் இருந்தால். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏற்றும்போது வாங்குபவர் கேட்கும் சோதனைத் தாளைக் கொடுக்கத்தானே செய்கிறீர்கள்? அதையே சுருக்கி அட்டையில் போட்டு எங்கள் ஊர்க் கடைக்கும் அனுப்புங்கள்.

சாக்கெட்டைத் தனித்தனியாகவும் விற்கச் செய்யுங்கள். தொலைவது எப்போதும் 10 எம்எம்தான், அதற்காக முழு செட் வாங்க முடியாது. ராட்செட்டுக்கு உள்ளே இருக்கும் பல்லும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால் மாற்ற, ஒரு சிறு கிட் விற்கலாம். பிளேயர் கைப்பிடியில் வெறும் பிளாஸ்டிக் உறை இருந்தால் அது மின்காப்பு இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட்டும் பொறித்ததுதான் சோதித்த காப்பு என்பது வீட்டில் 230 வோல்ட்டில் கை வைக்கும் பலருக்குத் தெரியாது. இது உயிர் விஷயம்.

டீலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பேனரைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் கையில் எடுத்துப் பார்க்க விடுங்கள். கவுண்டரில் அளவு பார்க்க ஒரு வெர்னியரும், 10, 12, 14, 17 எம்எம்மில் நல்ல போல்ட் நான்கும் வையுங்கள். மாட்டிப் பார்த்து ஆட்டம் இல்லாததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளன்