ஆண்டறிக்கை 2024–25: வழக்கமான பணிகளும் தமாவந்த் பயணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் நம் மலையேறும் சங்க உறுப்பினர்களுக்கும், தமக்குப் பதிலாக மனைவியையோ மகனையோ அனுப்பிவைத்த மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

மாதாந்திர ஞாயிறு நடைகள் வழக்கம்போல் நடைபெற்றன. முதலுதவிப் பயிற்சி முகாம் ஒன்று நடத்தப்பட்டது. சங்க அலுவலகத்தின் ஒழுகும் கூரை சரிசெய்யப்பட்டது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்ட ஈரான் பயணமாகும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமானம் வழியே வந்தால் விசா இன்றி 15 நாள் வரை தங்கலாம் என்று அந்நாடு 2024 பிப்ரவரி 4 முதல் அனுமதித்திருந்ததே அப்போது இதற்கு வழி திறந்தது. எல்புர்ஸ் மலைத்தொடரில், தெஹ்ரானுக்கு வடகிழக்கே நிற்கும் தமாவந்த், 5,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த, ஆசியாவிலேயே மிக உயரமான எரிமலை. கயிறும் பனிக்கோடரியும் கையாளும் திறமை இல்லாதவர்களும், உடல் ஒத்துழைத்தால், நல்ல வழிகாட்டியுடன் தென்முகப் பாதையில் கோடையில் ஏறலாம். அத்தகைய மலை ஒன்றையும், இஸ்ஃபஹான், யஸ்த், ஷிராஸ் ஆகிய வரலாற்று நகரங்களையும், அவ்வழியிலுள்ள பழைய கல்லறைகளையும் ஒரே பயணத்தில் இணைப்பதே என் திட்டம். “மலையேறும் சங்கத்துக்குக் கல்லறைகளில் என்ன வேலை?” என்று அன்று கேட்கப்பட்ட கேள்வி பயணம் முடிந்த பின்னும் ஓயவில்லை என்பதால், இவ்வறிக்கையில் சற்று விரிவாகவே விடையளிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கடைசி வாரங்களில் விலகினர். காரணங்கள் பலவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை முன்பணம் கேட்ட பிறகே உறுப்பினர்களின் நினைவுக்கு வந்தன என்பதைப் பதிவு செய்கிறேன். பயிற்சிக்காக ஏற்பாடான பருவதமலை நடைகளுக்கும் இதே கதிதான். ஏற்றம் தொடங்கும் ஊரான பொலூரைப் பற்றிய சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு, திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூருக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று விசாரித்த உறுப்பினரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் சுற்றறிக்கைகள் எப்படிப் படிக்கப்படுகின்றன என்பதற்கு அதுவே சான்று.

நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தமாவந்தில் இரவு தங்கும் மூன்றாம் முகாமோ 4,200 மீட்டரில் இருக்கிறது. எனவே உள்ளூரில் எவ்வளவு நடந்தாலும் உயரத்துக்கு உடலைப் பழக்க முடியாது. அதற்காகவே தெஹ்ரானுக்கு மேலே கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் தோச்சால் மலையில் முதலில் ஏறி, அங்கே ஓர் இரவு தங்கினோம். “கம்பிவண்டியில் பாதித் தூரம் போகலாமே, நடப்பானேன்?” என்ற முணுமுணுப்பை வழிகாட்டி பொருட்படுத்தவில்லை; நானும் பொருட்படுத்தவில்லை.

பொலூரில் அனுமதிச் சீட்டு பெற்று, அதற்கு மேலுள்ள முகாமான கூஸ்ஃபந்த் சராவில் மூட்டைகளைக் கோவேறு கழுதைகளிடம் ஒப்படைத்துவிட்டு மூன்றாம் முகாமை அடைந்தோம். மறுநாள் விடியுமுன் சிகரத்துக்குக் கிளம்புவதாக இருந்தது. ஆனால் இரவெல்லாம் ஓயாத காற்று. காலையிலும் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. தமாவந்தின் உச்சியை ஒட்டிய வெடிப்புகளிலிருந்து கந்தகப் புகை இடைவிடாமல் வெளியேறுகிறது. காற்று மாறி அது பாதைப் பக்கம் திரும்பினால், ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் உயரத்தில், இருமி இருமியே ஆள் சோர்ந்துவிடுவார். வழிகாட்டி “இன்று இல்லை” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவும் இல்லை, நாங்கள் வாதாடவும் இல்லை. அடுத்த நாள் வானம் தெளிந்தது. உறைந்து நிற்கும் பனியருவியைத் தாண்டி, மஞ்சள் படிந்த கந்தகச் சரிவில் ஓரடி வைத்து ஒரு மூச்சு வாங்கி, சென்றவர்களுள் பெரும்பாலோர் உச்சியைத் தொட்டனர். தலைவலியும் குமட்டலும் கண்டவர்களை முகாமிலேயே நிறுத்தியது வழிகாட்டியின் முடிவு. அதில் செயலாளரான எனக்குப் பங்கில்லை என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காத்திருப்பு நாளை எங்கிருந்து எடுத்தோம் என்பதே, கல்லறைகளில் என்ன வேலை என்ற கேள்விக்கு என் விடை. மலை மட்டுமே நோக்கமான பயணங்களில் திரும்பும் விமானம் உச்சி நாளை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் காற்று அடித்தால் சிகரம் கைநழுவும், அல்லது அடிக்கும் காற்றிலேயே ஏறத் தோன்றும். இரண்டாவது நிலை எவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கோ மலைக்குப் பின்னால் நகரங்கள் இருந்தன. ஒரு நாளை அவற்றிடமிருந்து கடன் வாங்கினோம். பண்டைய பாரசீக மன்னர் சைரஸின் கல்லறை உள்ள பசர்கதே அதனால் கைவிடப்பட்டது. அது குறித்து எழுத்துமூலமாக வந்த புகார் கோப்பில் இருக்கிறது. புகார் அளித்தவர் அன்று உச்சி ஏறியவர்களுள் ஒருவர் என்பதும் கோப்பில் இருக்கிறது.

ஜூலையின் வெயிலில் நகரங்களைப் பார்க்க வைத்தது தவறு என்பது இன்னொரு குறை. வெயில் கடுமைதான், ஜூலை 28 அன்று வெப்பம் காரணமாக நாடு முழுவதும் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடப்பட்டன. ஆயினும் தென்முகப் பாதை ஏற்றவாறு இருப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். தவிர, யஸ்த் நகரில், மேலே வீசும் காற்றைக் கீழே இறக்கி வீட்டைக் குளிர்விக்கும் காற்றுக் கோபுரங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை டிசம்பரில் போய்ப் பார்ப்பவர் எப்படி உணர்வார்? கோபுரத்தின் அடியில் போய் நின்றபோது, அதுவரை முனகிக்கொண்டிருந்தவர்களே வெளியே வர மறுத்தார்கள். கி.பி. 470 முதல் அணையாமல் காக்கப்படுவதாகச் சொல்லப்படும் நெருப்பை நெருப்பைப் புனிதமாகப் போற்றும் பழம்பாரசீகச் சமயத்தவரான ஜொராஸ்திரியரின் அங்குள்ள கோவிலில் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டோம். 1934இல் எழுந்த அக்கட்டடத்துக்குப் பம்பாய்ப் பார்சிகள் பொருள் தந்திருக்கிறார்கள். ஷிராஸுக்கு அருகே, பண்டைய பாரசீகப் பேரரசின் தலைநகராக இருந்து இடிபாடுகளாய் நிற்கும் பெர்செபோலிஸில், அபதானா எனும் அரச மண்டபத்தின் படிக்கட்டுச் சுவரில், பேரரசருக்குக் காணிக்கை கொண்டுவரும் 23 நாட்டுக் குழுக்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியக் குழுவில் ஒருவர் காவடித் தண்டில் கூடைகளைச் சுமந்து செல்ல, உடன் ஒரு கழுதையும் நடக்கிறது. கூஸ்ஃபந்த் சராவில் மூட்டை ஏற்றிவிட்டு வந்திருந்த எங்களுக்கு, அந்தச் சுவரின் முன் நகர மனம் வரவில்லை. மலையில் ஏறாமல் வந்திருந்தால் அந்தக் கழுதையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

வரவு செலவு குறித்து: தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொருளாதாரத் தடைகளால் நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. எல்லாச் செலவும் ரொக்கமாகவே செய்யப்பட்டது. விலைச்சீட்டில் இருப்பது ரியால், கடைக்காரர் வாயில் வருவது தோமான். ஒரு தோமானுக்குப் பத்து ரியால். சில செலவுகளில் ஒரு சுழி கூடியோ குறைந்தோ எழுதப்பட்டிருப்பது இதனால்தான். வண்டியோட்டிகள் முதலில் “பணம் வேண்டாம்” என்று மறுப்பது அந்நாட்டு மரியாதை. இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கொடுத்த பிறகு ரசீது கேட்க எவருக்கும் நா எழவில்லை. மொத்தத்தில் பயணக் கணக்கு ஏறக்குறையச் சமன். சிறு பற்றாக்குறை பொது நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது.

பயணத்துக்கு உதவிய வழிகாட்டிகளுக்கும், உச்சி ஏறாமல் முகாமில் சமையல் பொறுப்பேற்ற சகோதரிகளுக்கும், தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்ததாக, 4,811 மீட்டர் உயரமுள்ள சபலான் மலையும், அதன் உச்சியிலுள்ள ஏரியும், அர்தபீல், தப்ரீஸ் நகரங்களும் என் மனத்தில் இருக்கின்றன. அப்பகுதியின் நிலவரத்தைப் பார்த்தே முடிவெடுக்க முடியும். நிலவரம் சீரானாலும் பொது நிதி சீராகாமல் எதுவும் நடவாது. உறுப்பினர்களுள் கணிசமானோர் இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்துள்ளனர். செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வருபவர் முதலில் தம் சந்தாவைச் செலுத்தியிருக்க வேண்டும் என்று விதி 7 கூறுகிறது. பாக்கிப் பட்டியலை இங்கே வாசிக்கப் போவதில்லை. அது பொருளாளரிடம் இருக்கிறது. அவர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்