மனத்தாங்கலுக்குக் கட்டம் இல்லை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. கிழக்குப் பக்கத்து ஓட்டில் ஒழுக்கு. பட்டாலையில் அண்டாவும் குண்டானுமாக வைத்து நாலு நாள் போயிற்று. ஒன்பது பங்கு வீடு. எட்டுப் பேர் போனில் “செய்துவிடலாம்” என்கிறார்கள். ஏணி மட்டும் முகப்பில் சாய்ந்து நிற்கிறது.

சரி, உன் மகள் விஷயம். கோட்பாட்டு உளவியல் படிக்கப் போகிறேன் என்கிறாளாம். “சோதனைக்கூடமும் இல்லை, நோயாளியும் இல்லை, இது என்ன மனோதத்துவம்? இதற்கு ஓர் உலகச் சங்கம் வேறா?” என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறதப்பா. கோட்பாட்டு உளவியலுக்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம். முதல் மாநாடு 1985இல் இங்கிலாந்தின் பிளிமத்தில். அப்புறம் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஊர் மாற்றி ஊர்: இஸ்தான்புல், கேப்டவுன், நான்ஜிங், சாண்டியாகோ, டோக்கியோ. 2024இல் பெல்கிரேடு. அந்த வட்டத்துக்காரர்கள் அதிகம் எழுதும் ‘தியரி அண்ட் சைக்காலஜி’ என்ற ஆய்விதழ் 1991 முதல் வருகிறது. படித்துப் பார்த்தேன், ஒரு வாக்கியத்தில் மூன்று ஜெர்மன் பெயர்கள், காப்பி இரண்டு தடவை ஆறிப்போனது.

என்ன செய்கிறார்கள் என்கிறாயா? பினாங்குக் கடையிலிருந்து ஐந்தொகை, அதாவது கடைக்கணக்கின் தொகுப்பு, வந்தால் உன் அப்பச்சி கூட்டுத்தொகையைக் கடைசியில்தான் பார்ப்பார் என்று நீயே சொல்வாய். “இந்தப் பற்றை யார் இந்தத் தலைப்பில் எழுதச் சொன்னது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஊக்கம், நுண்ணறிவு, ஆளுமை என்று தலைப்புப் போட்டு அளக்கிறோமே, இந்தத் தலைப்புகள் எங்கிருந்து வந்தன, யாருக்கு வேண்டியிருந்தன?

இதில் எனக்கும் பங்கு உண்டு. முப்பது வருஷம் பி.எட். பிள்ளைகளுக்குக் கல்வி உளவியல் நடத்தினேன். 1905இல் பினே என்ற பிரெஞ்சு உளவியலாளர் பாரிஸில் தன் நுண்ணறிவுச் சோதனையைத் தயாரித்தது, வகுப்பில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்காக. நானோ நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.), பிறவியிலேயே வந்து மாறாத ரத்த வகை மாதிரி நடத்தினேன். ஒரு பிள்ளைகூட எழுந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன்.

ஆடியில் ஒரு மாணவி வினாத்தாளோடு நம் தெருவுக்கு வந்தாள். எதிர்வீட்டு ஆச்சியிடம், “கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?” என்று கேட்டாள். பக்கத்தில் ஐந்து கட்டம். ஆச்சி, “அதெல்லாம் இல்லை ஆத்தா. சம்பந்தி வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு என்னை முறையாகக் கூப்பிடவில்லை. அந்த மனத்தாங்கல்தான்” என்றார். பெண் தாளைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள், ‘சில நேரங்களில்’ என்பதில் டிக் போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கட்டம் அவள் போட்டதல்ல. ஆனால் மனத்தாங்கல் ஆச்சிக்குள் இருக்கிற ஒன்றா? அது இரண்டு வீட்டுக்கு நடுவில் கிடக்கிறது. வேண்டாதவர் மேல் நமக்கு மனத்தாங்கல் வருவதில்லையே.

கர்ட் டான்சிகர் என்ற அறிஞர், இந்த வட்டத்தில் பெரிய பெயர், 1950களின் கடைசியில் ஜாவாவில் யோக்யகர்த்தாவுக்கு உளவியல் கற்பிக்கப் போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் உள்ளூர் மரபுப்படி ‘இல்மு ஜிவா’ என்று ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இல்மு என்றால் அறிவு, ஜிவா என்றால் நம் ஜீவன்தான். இருவரும் சேர்ந்து வகுப்பு நடத்தலாம் என்று உட்கார்ந்தார்கள். பொதுவாக ஒரு தலைப்புக்கூடச் சிக்கவில்லை! இவர் ஊக்கம், கற்றல் என்றால் அவருக்கு அது ஒட்டாததை ஒட்டவைத்த மாதிரி. அவருடைய தலைப்புகள் இவருக்கு உளவியலாகவே படவில்லை. 1997இல் வந்த டான்சிகரின் நூல் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது.

நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டே. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், சொல்கிறார். அச்சத்துக்கும் வெகுளிக்கும் நடுவில் பெருமிதம். அது பிறக்கிற இடம் நான்கு: கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. கொடையிலிருந்து பெருமிதம் என்பதற்கு நம் ஊர்க்காரனுக்கு உரை வேண்டாம். அதற்காக நம் பட்டியல்தான் சரி, அவர்கள் பட்டியல் தப்பு என்று உன் மகள் மாநாட்டில் போய் முழங்கிவிடக் கூடாது. எட்டு என்பதும் யாரோ போட்ட தலைப்புதான்.

அவளைப் போகவிடு. வேலை கிடைக்குமா என்றால், அது வேறு கணக்கு. இந்தப் படிப்புக்குப் பணியிடம் குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடு.

பிள்ளையார் நோன்புக்கு வா. இழை எடுக்க இந்த வருஷம் நாலு பேர்கூட இல்லை. அவளையும் கூட்டி வா, எதிர்வீட்டு ஆச்சியிடம் சொல்லி வைக்கிறேன். ஏணி பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்,
வயிரவன்