1991இல் விட்ட வாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பின் நீ மீண்டும் படிக்கத் தொடங்கியதில் மிக்க மகிழ்ச்சி. நான் சென்ற மாதத்தோடு வகுப்பெடுப்பதை நிறுத்திக்கொண்டேன், நலமாகவே இருக்கிறேன்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத சர்வதேச உறவுகள் துறையை அறிவியல் என்று எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தாய். மாணவப் பருவத்தில் நாம் விட்ட இடம் அதுதான். 1966இல் ஹெட்லி புல் என்ற அறிஞர், வரலாறும் சட்டமும் தத்துவமும் தரும் தேர்ந்த தீர்ப்பே இத்துறைக்கு வழி என்று எழுத, அறிவியலின் கறாரான முறைகளே வேண்டும் என்று மார்ட்டன் கப்லான் மறுத்தார்; நீ கப்லான் பக்கம் நின்றாய், நான் புல் பக்கம்.

அறிவியலுக்கு ஒரே பொருள்தான் என்று நாம் இருவருமே நம்பியதுதான் பிழை என இப்போது நினைக்கிறேன். பனிப்போர் முடிந்தபின் அமெரிக்காவுக்கு எதிராகப் பெரிய நாடுகள் கூட்டணி சேராதபோது, ஒரு நாடு மிகுந்த பலம் பெற்றால் மற்றவை அதற்கு எதிராகச் சேரும் என்னும் அதிகாரச் சமநிலைக் கோட்பாட்டினர் திருத்தத்தின்மேல் திருத்தம் சேர்த்தார்கள். ஜான் வாஸ்க்வெஸ் 1997இல் அறிவியல் தத்துவவாதி இம்ரே லகடோஷின் அளவுகோலைக் கொண்டு, இது புதிதாக எதையும் கணிக்காமல் ஒட்டுப்போட்டே தப்பிக்கும், தேய்ந்துவரும் ஆய்வுத் திட்டம் என்றார். அந்தத் தீர்ப்பை நான் வெகுகாலம் இறுதியானதாகவே கொண்டிருந்தேன். ஆனால் அதே கோட்பாட்டின் முக்கிய அறிஞரான கென்னத் வால்ட்ஸின் 1979ஆம் ஆண்டு நூலை மீண்டும் படித்தபோது, கோட்பாடு என்பது விதிகளின் தொகுப்பன்று, விதிகளை விளக்குவதற்கு மனம் வரையும் சித்திரம் என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பது உறைத்தது. பாட்ரிக் ஜாக்சன் 2011இல் வால்ட்ஸை இவ்வகையில்தான் வாசித்தார்: அத்தகைய சித்திரத்திடம் மெய்யா பொய்யா என்று கேட்பதைவிட, அது எதைக் காண உதவுகிறது என்று கேட்பதே பொருத்தம்.

இதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. எந்த நிகழ்வும் தீண்டாத சித்திரத்தை எப்போது கைவிடுவது? தவிர, கோள்களுக்குத் தம் பாதையைப் பற்றிக் கருத்து கிடையாது, ஆட்சியாளர்களுக்கு உண்டு. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1988 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில், 5 லட்சம் படைவீரர்களைத் தம் நாடு தானாகவே குறைக்கும் என்று அறிவித்தார். பொருளாதார நெருக்கடி அவரை நெருக்கியது உண்மை. ஆனால் அதே நெருக்கடியில் இன்னொரு தலைவர் கெடுபிடியை இறுக்கியிருக்கக்கூடும்; வேறுபாடு, பாதுகாப்பு என்றால் என்ன என்பதையே கோர்பச்சேவ் வேறாக எண்ணத் தொடங்கியிருந்ததுதான். மார்ட்டின் ஹாலிஸும் ஸ்டீவ் ஸ்மித்தும் 1990இல் வெளியிலிருந்து காரணம் தேடும் விளக்குதல், உள்ளிருந்து எண்ணத்தை அறியும் புரிந்துகொள்ளுதல் என்று இரண்டு கதைகளாகப் பிரித்தார்களே, அந்தப் பிரிவு இந்த அறிவிப்பின் முன் எனக்கு நிற்கவில்லை. காரணமே எண்ணத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

உன் புள்ளிவிவர முறையில் இந்த எண்ணமாற்றத்தை எந்த இடத்தில் வைப்பாய்? விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்